முடிச்சூரின் கேள்வியும் ஒரு தகவல் பலகையும்

பல இடங்களில் பதிவாகும் எண்களை ஓயாமல் திரட்டி, சரிபார்த்து, நிலைமை விளங்கும்படி ஒரே திரையில் காட்டும் அமைப்பு தகவல் பலகை எனப்படுகிறது. தொழிலில் இருப்போர் அதை டேஷ்போர்டு என்றே சொல்லிப் பழகிவிட்டனர். விற்பனைக் கணக்கு, தொழிற்சாலை உற்பத்தி, மருத்துவமனைப் படுக்கைகள் என எதற்கும் இத்தகைய பலகையை அமைக்கலாம் என்றாலும், தாம்பரத்தையும் அதைச் சுற்றிய புறநகர்களையும் சேர்ந்த நிரலாளர்களுக்கு இப்பணியின் முழுப் பொறுப்பையும் உணர்த்திய பொருள் மழைநீரே ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வண்டியை எப்போது மேம்பாலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது, நடமாட இயலாத முதியவரை எப்போது மாடிக்கு ஏற்றுவது என்னும் முடிவுகளை ஒரு குடும்பம் கைப்பேசித் திரையைப் பார்த்து எடுக்கும்போது, அத்திரையில் நிற்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து, எந்த நேரத்தில், எந்த அலகில் வந்தது என்பதற்கு அதை எழுதியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகள் ஏராளமாக இருக்கையில், பைத்தான் அல்லது ஆர் போன்ற ஒரு நிரல்மொழியில் தனியாக எழுதுவது ஏன் என்னும் கேள்வி இத்துறைக்குப் புதிதாக வருவோரிடம் தவறாமல் எழுகிறது. எக்செல், டேப்லோ, பவர் பிஐ ஆகியவை ஒழுங்கான அட்டவணை ஒன்று கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில் உருவானவை. அந்த அட்டவணை கிடைத்தால் அழகான படத்தைச் சில நிமிடங்களில் தந்துவிடும். புறநகர் வெள்ளத்தைப் பொறுத்தவரை அந்த ஒழுங்கான அட்டவணையே இல்லை. மழை ஓரிடத்திலும் ஏரியின் இருப்பு வேறோரிடத்திலும் தரைமட்ட உயரம் இன்னோரிடத்திலும் வெவ்வேறு அலகுகளில் கிடக்க, அவற்றை எந்த விதியின்படி இணைப்பது என்பதைத் தீர்மானித்து எழுதுவதே வேலையின் பெரும்பகுதியாகிறது. அவ்விதிகளை ஒளிவுமறைவின்றி எழுதிவைக்கவும், பின்னர் பிறர் படித்துத் திருத்தவும் நிரல்மொழி இடம் தருகிறது என்பதே அதைத் தேர்வதற்கான உண்மையான காரணம். எந்த மொழி என்பது அடுத்த நிலைக் கேள்வியே. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்னும் நிரல்தொகுதி பைத்தானில் இருப்பதாலும், அம்மொழி தெரிந்தவர்கள் இப்பகுதியில் தெருவுக்குத் தெரு இருப்பதாலும், பெரும்பாலும் அதுவே கைக்கு வருகிறது.

பலகை யாருடைய கேள்விக்கு விடை சொல்கிறது என்பதே இப்பணியில் முதலில் தீர்க்கப்பட வேண்டியது. சென்னைக் குடிநீர் வாரியம் தன் நீர்த்தேக்கங்களின் நிலையை நாள்தோறும் ஓர் அட்டவணையாக வெளியிட்டு வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என ஒவ்வொன்றின் முழுக் கொள்ளளவும், அன்றைய நீர்மட்டமும், இருப்பும், வரத்தும், வெளியேற்றமும் அதில் இடம்பெறுகின்றன. செம்பரம்பாக்கத்தின் முழு நீர்மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது மழைக்காலச் செய்திகளைப் படிக்கும் சென்னைவாசிகள் பலருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த அட்டவணை பிறந்த நோக்கம் நகரத்துக்கு எத்தனை நாள் குடிநீர் இருக்கிறது என்பதை அறிவது. ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் மக்கள் குடங்களுடன் நின்ற 2019ஆம் ஆண்டின் கோடையில் அது அந்த நோக்கத்தைச் செவ்வனே நிறைவேற்றியது. அதே அட்டவணையை மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் இருப்பவர் வெள்ள எச்சரிக்கையாகப் படிக்கத் தொடங்கும்போதுதான் இடறல் நேர்கிறது.

அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் உபரிநீரைத் தாங்கித் தொடங்கி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வடக்கே சென்று, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை எனக் கடலை நோக்கித் திரும்புகிறது. ஆகவே செம்பரம்பாக்கத்தில் திறக்கப்படும் நீர் முடிச்சூரைக் கடந்து செல்வதில்லை; முடிச்சூருக்குக் கீழேதான் அது ஆற்றில் விழுகிறது. கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலிருந்து வரும் நீர் வடிவது தாமதமாகும் என்பது உண்மையே என்றாலும், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறுவதை முதலில் தீர்மானிப்பவை சிறிய ஏரிகளின் கலங்கல்கள், அதாவது ஏரி நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்தோடக் கட்டப்பட்ட கல்வரம்புகள், ஆகும். அந்த ஏரிகளின் பெயர்கள் நகரத்தின் அட்டவணையில் இல்லை. செம்பரம்பாக்கம் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போகும் வீட்டில் விடிவதற்குள் தண்ணீர் புகக்கூடும் என்னும் இந்த ஒரு புவியியல் உண்மையே தனிப்பலகை எழுதுவதற்குப் போதிய நியாயமாகும்.

கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு வேறு. அங்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகுதி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவைக் கடந்து பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரையிலான நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவாக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சி நிர்வாகத்தில் ஓர் அலகு; நீரின் கணக்கில் அது குறைந்தது இரண்டு அலகுகள். எனவே தரவுத்தளத்தில், அதாவது தகவல்கள் ஒழுங்காகச் சேமிக்கப்படும் இடத்தில், ஒவ்வொரு தெருவுக்கும் வார்டு எண்ணுடன், அதன் நீர் எந்த வடிநிலத்தைச் சேர்கிறது என்னும் குறிப்பும் ஒரு தனி நெடுவரிசையாக இருந்தாக வேண்டும். வார்டு வாரியாக நிறம் தீட்டிய நிலப்படங்கள் பார்வைக்கு நேர்த்தியாக இருந்தும் மழையிரவில் பயன்படாமல் போவதற்கு இந்த நெடுவரிசை இல்லாமையே பெரும்பாலும் காரணமாகிறது.

அரசு அமைப்புகள் இவ்விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சி-ஃபுளோஸ் என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பை 2019ஆம் ஆண்டு முதல் இயக்கி வருகிறது. மழை முன்கணிப்பு, ஆற்று நீரோட்டம், கடல் ஓதம் ஆகிய மூன்றையும் மாதிரிகளில் இணைத்து எங்கே எவ்வளவு நீர் தேங்கும் என மதிப்பிடும் அரிய முயற்சி அது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் டிஎன் ஸ்மார்ட் செயலியும் எச்சரிக்கைகளைக் கைப்பேசிக்கே அனுப்புகிறது. 2015 வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த நிலப்படத்தின் மீது, நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும்படி தன்னார்வலர்கள் ஒரு பக்கத்தை அமைத்ததும் இந்த வரிசையில் மதிப்புடன் நினைக்கத்தக்கது. தனிநபரோ குடியிருப்போர் நலச்சங்கமோ எழுதும் பலகை இவற்றுக்குப் போட்டியன்று. இவை தரும் எண்களைத் தன் தெருவின் அளவுக்கு இறக்கிக் காட்டும் கடைசிப் படி அது.

எண்களைக் கையில் எடுத்தவுடன் நேரம் பற்றிய சிக்கல் வந்து நிற்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு மழை நாள் என்பது முதல் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அந்த மழை, முடியும் நாளின் தேதியில் பதிவாகிறது. தாம்பரத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்ட 494 மில்லிமீட்டர் மழை 2015 டிசம்பர் 2ஆம் தேதிக்கு உரியதாக ஏட்டில் இருப்பினும், அதில் மிகப் பெரும்பகுதி டிசம்பர் 1ஆம் தேதி பெய்தது. நீர்த்தேக்க நிலவரமோ பெரும்பாலும் காலை 6 மணிக்கு எடுக்கப்பட்டதாக வெளிவருகிறது. இரண்டு அட்டவணைகளையும் தேதி ஒன்றை மட்டும் வைத்து இணைத்தால், மழைக்கும் அதன் விளைவான நீர்வரத்துக்கும் இடையே இல்லாத நாள் இடைவெளி தோன்றவோ, இருக்கும் இடைவெளி மறையவோ செய்யும். அதைப் பார்த்துப் பெய்த மழை ஏரிக்கு வர இவ்வளவு நேரமாகும் என்று முடிவு கட்டுபவர் தவறான எதிர்பார்ப்புடன் காத்திருப்பார்.

இதன் மேல் கணினியின் கடிகாரமும் சேர்கிறது. வாடகைக்கு எடுக்கப்படும் வழங்கிகள், அதாவது நிரலை இரவும் பகலும் இயக்கும் தொலைவிடக் கணினிகள், பொதுவாக உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நிரலில் நேர வலயத்தைக் குறிப்பிடாமல் தேதி வாரியாகக் கூட்டினால், நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30 மணிக்கும் இடையில் கொட்டிய மழை முழுவதும் முந்தைய நாளின் கணக்கில் போய் விழும். தேர்ந்தவர்கள் இதற்கு ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றனர்: சேமிப்பது உலகப் பொது நேரத்தில், காட்டுவது இந்திய நேரத்தில், மழை நாளைக் கணக்கிடுவதற்கு ஒரு தனிச் செயல்கூறு. அச்செயல்கூறு இந்திய நேரத்திலிருந்து எட்டரை மணி நேரத்தைக் கழித்து, வரும் தேதியுடன் ஒரு நாளைக் கூட்டுகிறது. சரியாக 8.30 எனக் குறியிட்டு வரும் அளவீடு அதுவரை பெய்த மழையைக் குறிப்பதால், அது முடிந்த நாளைச் சேருமே அன்றித் தொடங்கும் நாளைச் சேராது. இந்த ஒற்றை எல்லைப் புள்ளியைச் சோதித்துப் பார்க்காத நிரல் எதையும் மழைக்காலத்தில் பொதுப் பார்வைக்கு விடுவது முறையாகாது.

அலகுகளின் கதையும் இத்தகையதே. மழை செய்திக்குறிப்புகளில் சென்டிமீட்டரிலும் நிலைய அளவீடுகளில் மில்லிமீட்டரிலும், ஏரியின் இருப்பு மில்லியன் கன அடியிலும், சில செய்திகளில் ஆயிரம் மில்லியன் கன அடியைக் குறிக்கும் டி.எம்.சி.யிலும், வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்னும் கணக்கிலும் கிடைக்கின்றன. வினாடிக்கு 1,000 கன அடி பாய்ந்தால் ஒரு மில்லியன் கன அடி சேர 1,000 வினாடிகள், அதாவது 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டவருக்குப் பல எண்கள் உடனே பேசத் தொடங்கும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அரசுத் தரப்புக் கணக்கு சொல்கிறது. அதே அளவு ஒரு முழு நாள் பாய்ந்திருந்தால் வெளியேறும் நீர் சுமார் 2,500 மில்லியன் கன அடி, அந்த ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். மழையையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். 494 மில்லிமீட்டர் ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் அது 49.4 கோடி லிட்டர், ஏறத்தாழ 17.4 மில்லியன் கன அடி. அத்தகைய மழை 209 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்தால் விழும் நீர் ஒரு முழுச் செம்பரம்பாக்கத்துக்குச் சமம்.

இந்த மாற்றங்களைச் செய்து முடித்தால்தான் பலகையின் மிகப் பயனுள்ள எண் கிடைக்கிறது. அது எங்கும் வெளியிடப்படாத எண்: ஏரி நிறைய இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது. காலியாக உள்ள கொள்ளளவை, வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்துக் கிடைக்கும் நிகர வரத்தால் வகுத்தால் அது வந்துவிடும். 500 மில்லியன் கன அடி இடம் மீதமிருக்க, நிகர வரத்து வினாடிக்கு 5,000 கன அடி என்றால் ஏறத்தாழ 28 மணி நேரம். வரத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் இதை முன்கணிப்பாகக் கொள்ளக் கூடாது, இப்போதைய வேகம் நீடித்தால் என்னும் நிபந்தனையையும் அதே எழுத்தளவில் அருகிலேயே எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட ஒரு வரி, 86.3 விழுக்காடு என்று மினுங்கும் வட்டப் படத்தைவிடப் பன்மடங்கு உதவும். அந்த விழுக்காட்டைக் கண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது; மணி நேரத்தைக் கண்டால் பொருள்களை மேலே ஏற்ற நேரம் இருக்கிறதா என்பது தெரியும்.

வெற்றிடத்தையும் சுழியையும் பிரித்தறிவது இத்தொழிலின் ஒழுக்கங்களுள் முதன்மையானது. கடும் மழையின்போதே மழைமானிகளின் தகவல் தொடர்பு அறுபடுகிறது, மின்சாரம் நிறுத்தப்படுகிறது. அப்போது வராத அளவீட்டைச் சுழி என்று நிரப்பும் நிரல், மழை நின்றுவிட்டது என்று பொய் சொல்கிறது. முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கொண்டு இடையில் உள்ளதை ஊகித்து நிரப்புவது ஆய்வுக்கட்டுரையில் ஏற்புடையதாக இருக்கலாம், எச்சரிக்கைப் பலகையில் அதற்கு இடமில்லை. கோடு அறுந்தே காட்டப்பட வேண்டும். அறுந்த இடத்தில், கடைசியாக அளவு வந்த நேரம் எழுதப்பட வேண்டும். வலைப்பக்க அட்டவணைகளைப் பிரித்தெடுக்கும் ஸ்கிரேப்பிங் முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. வெளியிடுபவர் நெடுவரிசைகளின் வரிசையை மாற்றிவிட்டால், வரத்து வெளியேற்றமாகவும் இருப்பு மட்டமாகவும் இடம் மாறிப் பதிவாகும். நிரலோ எந்தத் தடையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் தலைப்புகளைச் சரிபார்ப்பதும், 24 அடி ஏரியில் 40 அடி என்று வந்தால் அதை ஏற்க மறுத்து எழுதியவருக்கு உடனே செய்தி அனுப்புவதும் நிரலின் கட்டாயப் பகுதிகளாகின்றன.

தமிழில் காட்டுவது என்று தீர்மானித்தவர்களுக்குக் கூடுதல் உழைப்பு உண்டு. அந்த உழைப்பு முழுக்க முழுக்கத் தகும். முடிச்சூர், பீர்க்கன்காரணை போன்ற ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் துறைக்குத் துறை வெவ்வேறு வகையில் எழுதப்படுவதால், பெயரைக் கொண்டு அட்டவணைகளை இணைக்காமல், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிலையான குறியீட்டெண்ணைக் கொடுத்து, எல்லா எழுத்து வடிவங்களையும் அதற்குக் கீழே பட்டியலிடுவதே வழி. பழைய பிடிஎஃப் ஆவணங்கள் வானவில் போன்ற ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தால், படியெடுக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே கிடைக்கும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலை முதலில் ஓட்ட வேண்டும். வரைபடங்களிலும் ஒரு தொல்லை உண்டு. ஒருங்குறியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் எழுத்துக்கு முன்னால் காட்டப்படுகிறது. இந்த இடமாற்றத்தைச் செய்யும் திறன் பைத்தானின் புகழ்பெற்ற மேட்பிளாட்லிப் நிரல்தொகுதியில் நெடுங்காலம் இல்லாததால், செம்பாக்கம் என்னும் பெயரே படத்தில் சிதைந்து வந்தது. படத்தை உலாவியே வரையும்படி விட்டுவிட்டால் இந்தத் தொல்லை நீங்குகிறது.

படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலத்தோடு மாறுவதற்குக் கோடு, மழைக்குத் தூண், இடத்துக்கு லீஃப்லெட் போன்ற கருவியால் வரைந்த நிலப்படம். இம்மூன்றுக்கு மேல் வேண்டியதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பதால், நிறத்துடன் சொல்லும் சேர்ந்தே வர வேண்டும். 64.5 மில்லிமீட்டரில் கனமழையும், 115.6இல் மிகக் கனமழையும், 204.5இல் அதி கனமழையும் தொடங்குவதாக வானிலைத் துறை வகுத்துள்ள எல்லைகளை அப்படியே பயன்படுத்துவது நல்லது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கும் சொல்லும் பலகையில் காணும் சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் மக்கள் நம்புவார்கள்.

பலகையை எங்கே, எப்படி இயக்குவது என்பதில் அனுபவம் ஒரு தெளிவான தீர்ப்பைத் தருகிறது. பைத்தானில் ஸ்ட்ரீம்லிட், ஆர் மொழியில் ஷைனி போன்ற கருவிகள் சில பத்து வரிகளிலேயே உயிருள்ள பலகையை உருவாக்கித் தருகின்றன. அலுவலகத்தில் பத்துப் பேர் பார்ப்பதற்கு அவற்றுக்கு இணையில்லை. ஆனால் அவை பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் வழங்கியில் ஒரு தனி அமர்வை ஏற்படுத்தி நினைவகத்தைப் பிடித்து வைக்கின்றன. மழை வலுத்த இரவில் பெருங்களத்தூரிலிருந்து பள்ளிக்கரணை வரை ஒரே நேரத்தில் எல்லோரும் திறக்கும்போது, மிகவும் தேவைப்படும் அந்த வேளையில் பலகை முடங்கும். அதற்கு மாறாக, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிரல் தானாக ஓடி, கணக்கிட்டு முடித்த விடைகளை ஒரு நிலையான பக்கமாக எழுதிவைத்துவிட்டால், எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அந்தப் பக்கம் தாங்கும். அலைபேசிக் கோபுரங்கள் தடுமாறும் நேரத்தில் பக்கத்தின் எடையும் உயிர்நாடியான விஷயம்; எழுத்து முதலில் வந்துவிட வேண்டும், நிலப்படம் வந்தால் வரட்டும். பக்கத்தின் உச்சியில், அப்படியே படியெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பத்தக்க இரண்டு வரிச் சுருக்கம் நேரத்துடன் இருக்குமானால், ஏரி உடைந்துவிட்டது என்று மழைக்காலந்தோறும் பரவும் வதந்திக்கு அந்த இரு வரிகளே மறுமொழியாகப் பயணம் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் கலங்கலில் இந்த நிமிடம் எவ்வளவு நீர் போகிறது என்பதைத் தொடர்ந்து பொதுவெளியில் அளித்துவரும் நம்பகமான அளவீட்டை எதிர்பார்த்து நிரல் எழுத முடிவதில்லை. அங்கே மனிதக் கண்ணே கருவி. கலங்கலுக்கு அருகில் வசிப்பவர் கண்டதைப் பதிவு செய்ய ஒரு சிறு படிவம் போதும்: நீர் வழியவில்லை, மெல்ல வழிகிறது, வரம்பு தெரியாமல் போகிறது என்னும் மூன்று தெரிவுகளும் ஒரு நிழற்படமும். இவ்வாறு வரும் தகவல், கருவியின் எண்ணோடு கலந்துவிடாமல், ஒருவர் இத்தனை மணிக்குப் பார்த்துச் சொன்னது என்னும் அடையாளத்துடன் தனியாக நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் கடந்ததும் அது தானாக மங்க வேண்டும். சொன்னவரின் பெயரும் எண்ணும் பொதுப் பார்வைக்கு வரக் கூடாது. நள்ளிரவில் குடையுடன் யாரையும் கலங்கலுக்குப் போகத் தூண்டும்படி படிவம் அமையக் கூடாது என்பதையும் வடிவமைப்பவர் மறத்தலாகாது. இருட்டிய பின் படிவத்தை மூடிவைப்பது தகவலை இழப்பதாயினும் சரியான முடிவே.

மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து அடுத்த பருவம் வரை வேலை எல்லைகளைத் திருத்துவதிலேயே செல்கிறது. எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் எந்தத் தெருவில் நீர் நிற்கும் என்னும் தொடர்பு நிலையானதன்று. 2015க்குப் பின் அடையாற்றின் தலைப்பகுதியை அகலப்படுத்தும் பணிகளும், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நீரை ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் மூடுகால்வாய்ப் பணிகளும் நடந்துள்ளன. இன்னொரு புறம் வெளிவட்டச் சாலையை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகி, நீர் நின்று வடிந்த வயல்கள் குறைந்துவருகின்றன. ஒன்று வெள்ளத்தைத் தணிக்கிறது, மற்றொன்று கூட்டுகிறது. ஆகவே நிரலில் எழுதப்படும் ஒவ்வொரு எல்லை எண்ணுக்கும் பக்கத்தில், அது எந்த ஆண்டின் மழையை வைத்துக் கணிக்கப்பட்டது, அதன் பிறகு அத்தெருவில் எந்தக் கால்வாய் கட்டப்பட்டது என்பன குறிப்பாகச் சேர்க்கப்படுகின்றன. 2015ஐயும் 2021 நவம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பெய்த மழையையும் ஏறிய நீரையும் ஒப்பிட்டு, பொருந்தாத எண்கள் அக்டோபருக்கு முன் நீக்கப்படுகின்றன. அந்த ஒப்பீட்டை அடுத்து வருபவரும் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், நிரலின் விளக்கக் குறிப்புகள் தமிழிலேயே எழுதப்பட்டு, மூல எண்கள் ஒன்றுகூட அழிக்கப்படாமல், திருத்தப்பட்டவற்றுக்கு அருகில் வைக்கப்படுகின்றன.